பர்மா: ஆறு திறந்த வழியும் மலை அடைத்த வழியும்

மதுரையில் பிறந்து தில்லியில் வாழ்வோர் நம்மிடையே பலர். நிலப்படத்தை விரித்து, மதுரையின் மீது விரல் வைத்து நேர் கிழக்கே கோடிழுத்துச் சென்றால், அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் இடைப்பட்ட கடலைக் கடந்து அக்கோடு கவ்தாங் என்னும் முனையில் கரையேறும். தில்லியிலிருந்து அவ்வாறே கிழக்கே சென்றால், இமயத்தின் பனி முடிகளைத் தாண்டி, அதே நாட்டின் வடகோடியை ஒட்டிச் செல்வோம். இங்ஙனம் நம் சொந்த ஊருக்கும் பிழைக்க வந்த ஊருக்கும் இடைப்பட்ட தொலைவையே தன் நீளமாகக் கொண்டு கிடக்கும் நாடு பர்மா. 1989-இல் அதன் அரசு மியன்மார் என்று பெயரை மாற்றியது. இரங்கூனும் யாங்கோன் ஆயிற்று. ஆயினும் நம் இல்லங்களில் தேக்கு அலமாரியைப் பற்றியும், நடந்தே ஊர் வந்து சேர்ந்த பெரியவர்களைப் பற்றியும் பேசும்போது பர்மா என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எனவே இங்கும் அப்பெயரையே ஆள்வோம்.

அந்நாட்டின் பரப்பு 6,76,578 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்கு. குதிரை லாடம் ஒன்றைத் திறந்த வாய் தெற்கே பார்க்குமாறு வைத்தால் எப்படியிருக்குமோ அப்படியே அதன் மலைகள் அமைந்துள்ளன. மேற்கே பட்காய், நாகா, சின் மலைகளும் அரக்கான் யோமாவும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடல் வரை இறங்குகின்றன. வடக்கே 5,881 மீட்டர் உயரமுள்ள காகபோராசி பனியோடு நிற்கிறது. கிழக்கே சராசரியாக ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஷான் பீடபூமி பரந்து கிடக்கிறது. லாடத்தின் நடுவே ஐராவதி ஓடுகிறது. இதில் நாம் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. மலைகளும் அவற்றினிடையே ஓடும் ஆறுகளும் வடக்குத் தெற்காகவே செல்கின்றன. ஆகவே மேலும் கீழுமாகப் பயணம் செய்வது எளிது. குறுக்கே செல்வதோ பெரும்பாடு. ஐராவதியில் கடல் முகத்திலிருந்து பாமோ வரை ஏறத்தாழ 900 மைல் நீராவிப் படகு செல்லும். ஆனால் மணிப்பூரிலிருந்து மாந்தலைக்கு, பறவைக்கு அருகாயினும் மனிதனுக்கு அது தொலைதூரமே.

இவ்வொரு செய்தியே பர்மாவின் வரலாற்றில் பெரும்பகுதியை விளக்கிவிடுகிறது என்பது நம் கருத்து. அந்நாட்டோடு தமிழர் கொண்ட உறவின் வரலாற்றையும் இதுவே விளக்குகிறது.

தட்பவெப்பத்தை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்று வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து அரக்கான் மலையில் மோதுகிறது. அக்கடற்கரையில் உள்ள அக்யாப் என்னும் சிட்வேயில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. அதே மலையின் மறுபுறம், பாகான் நகரைச் சுற்றிய நடுநாட்டில் 750 மில்லிமீட்டர் கூடப் பெய்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கோயம்புத்தூர் இருப்பதை அறிந்த நமக்கு இது வியப்பன்று. முள் மரங்களும், எள்ளும், நிலக்கடலையும், வரிசை வரிசையாகப் பனைமரங்களும் நிற்கும் அவ்வறண்ட நிலத்தைக் காணும் திருநெல்வேலிக்காரர் யாரும் தம் ஊர்ப்புறம் என்றே எண்ணுவர். பனையிலிருந்து வெல்லம் காய்ச்சுவதும் அங்கே பழந்தொழில். மார்ச் முதல் மே வரை கோடை. சித்திரை வெயிலில் நடுநாடு 40 பாகைக்கு மேல் காயும். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்காலம் எனினும், தில்லிக் குளிரை அறிந்தவர்களுக்கு இரங்கூனின் குளிர் ஒரு பொருட்டாகத் தோன்றாது.

இத்தகைய வறண்ட பகுதியிலா பர்மிய மன்னர் தலைநகர் அமைத்தனர் என்று கேட்கத் தோன்றும். பாகான், ஆவா, அமரபுரம், மாந்தலை யாவும் அங்கேதான் எழுந்தன. காரணம், மழை குறைவாயினும் சௌக்சே போன்ற இடங்களில் ஷான் மேட்டிலிருந்து இறங்கும் ஓடைகளை மறித்துக் கால்வாய் வெட்டி நெல் விளைவித்தார்கள். தெற்கே நீர் பெருகிய கழிமுகமோ, காடும் சேறும் காய்ச்சலுமாகக் கிடந்தது. காவிரிக் கழிமுகத்தைச் சோழர் காலத்திலேயே நெற்களஞ்சியமாக்கிய மரபினராகிய நமக்கு, ஐராவதிக் கழிமுகத்தின் பெரும்பகுதி 1850 வரையிலும் காடாகவே இருந்தது என்பதை நம்புவது கடினம். ஆனால் அதுவே உண்மை.

கடலிலிருந்து உள்ளே செல்ல வேண்டுவோர் ஆற்றையே நம்பினர். நம்மவரும் அப்படித்தான் சென்றிருக்க வேண்டும். பாகானில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அதன் முகப்பில் கிரந்த எழுத்தில் வடமொழிச் சுலோகம். அதன்கீழ் தமிழ் வாசகம். மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், அந்நகரிலிருந்த நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு மண்டபம் எழுப்பிக் கதவும் இட்டு, விளக்கொன்றும் அளித்ததை அது கூறுகிறது. நானாதேசிகள் என்போர் பல நாட்டு வணிகக் குழுவினர். கொடுங்கல்லூரிலிருந்து புறப்பட்ட ஒருவர், கடலைக் கடந்து, ஆற்றில் எதிர்நீரில் பல நூறு மைல் சென்று, பனைமரக் காட்டினிடையே பெருமாளுக்கு விளக்கேற்றினார் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் நெகிழ்கிறது.

இனி ஆங்கிலேயர் காலம். 1826-இல் யாந்தபோ உடன்படிக்கையால் அரக்கானும் தெனாசரிமும், 1852-இல் கீழ்ப் பர்மாவும், 1885-இல் மாந்தலையும் அவர்கள் வசமாயின. தீபா மன்னர் இரத்தினகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். இம்மூன்று போர்களிலும் ஆங்கிலேயரின் முதன்மைப் படை கடல் வழியே வந்து ஆற்றின் வழியே மேலேறிற்று என்பது குறிப்பிடத்தக்கது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மிய அரிசிக்கு ஐரோப்பாவில் வாயில் திறந்தது. பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த கீழ்ப் பர்மாவின் நெல் நிலம் 1930-களில் எண்பது லட்சம் ஏக்கரைக் கடந்தது. காடு வெட்டியவன் பர்மிய உழவன். அறுவடைக்கும் துறைமுகத்துக்கும் ஆந்திரத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் கூலியாட்கள் சென்றனர். முதல் கொடுத்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறினால் சில நாட்களில் இரங்கூன். 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பர்மாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் இருந்தனர். இரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியரே.

நம் மலர்களில் இக்காலத்தைப் பற்றி எழுதுவோர் பெருமையோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அது நேர்மையாகாது. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. கடன் கட்ட இயலாத உழவரின் நிலங்கள் கைமாறின. 1930-இல் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவில் செட்டியார்களிடம் இருந்த நிலம், 1938-க்குள் நாலில் ஒரு பங்காகப் பெருகியது. நிலத்தை விரும்பி வாங்கியவர் சிலரே; முதலை மீட்க வழியின்றி நிலத்தை ஏற்றவர் பலர். எனினும் தன் வயலைப் பறிகொடுத்த உழவனுக்கு இவ்வேறுபாடு தெரியுமா? பின்னாளில் விளைந்த கசப்புக்கு வேர் அங்கே இருக்கிறது.

இத்தனை ஆண்டுகளிலும் மேற்கு மலையைப் பற்றி யாரும் எண்ணவில்லை. 1937 ஏப்ரல் முதல் நாள் வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். இரங்கூனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே கப்பல் இருக்க, மலைமீது சாலை எதற்கு? எல்லை என்பதும் அலுவலகத் தாளில் இருந்த கோடுதான். அக்கோட்டின் பிறப்பும் வேடிக்கையானது. மணிப்பூருக்குக் கிழக்கே, மலையடியில், கபோ பள்ளத்தாக்கு கிடக்கிறது. தமு நகரம் அங்கேதான் உள்ளது. 1834-இல் ஆங்கிலேயர் அப்பள்ளத்தாக்கை ஆவா மன்னருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக மணிப்பூர் அரசருக்கு மாதம் 500 ரூபாய் வழங்கினர். கோப்புகளோடு காலம் கழிக்கும் நம் போன்ற எழுத்தர்களுக்கு, ஒரு பள்ளத்தாக்கு சம்பளப் பட்டியல் போல் மாதாமாதம் எழுதப்பட்டதை எண்ணிச் சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை.

1941 டிசம்பர் 23-இல் இரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச் 8-இல் நகரமும் வீழ்ந்தது. கப்பலில் இடம் பெற்றோர் சிறு பகுதியினர். கடல் அடைபட்டது, ஆறு தெற்கே, பகைவர் இருந்த திசையில் ஓடியது. நூறாண்டுகளாக மறந்திருந்த மேற்கு மலை ஒன்றே எஞ்சியது. ஐந்து லட்சத்தளவான இந்தியர் அதன்மீது ஏறத் தொடங்கினர்.

எவ்வழியில், எம்மாதத்தில் என்பதைப் பொறுத்தே உயிர் தங்கியது. முதலில் சென்றோர் புரோம் நகரிலிருந்து அரக்கான் யோமாவைக் கடந்து தாங்கப் கடற்கரையை அடைய முயன்றனர். அது வறண்ட பருவம். நாலாயிரம் மில்லிமீட்டர் மழை பெறும் மலைப்புறத்தை ஒட்டிய அவ்வழியில் மாசி, பங்குனியில் ஓடைகள் வற்றிக் கிடந்தன. தண்ணீருக்காகத் தவித்தவர்கள், கிடைத்த குட்டை நீரைப் பருகியதால் வாந்திபேதி கண்டு வழியிலேயே மடிந்தனர். அடுத்து மாந்தலைப் பக்கம் கூடியவர்கள் சிந்துவின் ஆற்றில் கலேவா வரை படகில் சென்று, கபோ பள்ளத்தாக்கை நடந்து கடந்து, தமு வழியே பலேலையும் இம்பாலையும் அடைந்தனர். மலைக்காய்ச்சலுக்குப் பெயர்போன பள்ளத்தாக்கு அது. வெள்ளையர்க்கு ஒரு வழி, இந்தியர்க்கு வேறு வழி என்று ஒதுக்கப்பட்டதாக அந்நாளில் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. மே 10-இல் இம்பால் மீதும் குண்டு விழவே, அங்கிருந்த ஏற்பாடுகளும் நிலைகுலைந்தன.

கடைசியாகப் புறப்பட்டோரின் கதை கொடியது. அவர்கள் மிட்சினாவிலிருந்து ஹூகாங் பள்ளத்தாக்கு வழியே பாங்சாவ் கணவாய் ஏறி அசாமின் லேடோவை நோக்கி நடந்தனர். மே நடுவில் பருவமழை பிடித்தது. அந்நாட்டின் நாட்காட்டியை அறிந்தவர் எவரும் அம்மாதத்தில் அம்மலை மீது காலெடுத்து வையார். ஆறுகள் கரை புரண்டன. பாதை முழங்கால் சேறாயிற்று. அட்டையும் பசியும் காய்ச்சலும் சேர்ந்து வதைத்தன. இவ்வழிகள் அனைத்திலும் சேர்ந்து பதினாயிரக்கணக்கானோர் மாண்டனர். தாகத்தால் சிலரும் வெள்ளத்தால் சிலரும் ஒரே மலையில், சில மாத இடைவெளியில் இறந்தனர் என்பதுதான் அந்நாட்டின் தட்பவெப்பத்தைப் பற்றி எந்தப் பாடநூலும் சொல்லாத செய்தி.

கிழக்கெல்லையும் நமக்கு அயலானதன்று. தாய்லாந்தையும் பர்மாவையும் பிரிக்கும் மலையைத் துளைத்து, 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதையை 1942-43-இல் ஜப்பானியர் அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர் எண்ணற்றோர் அங்கே மண்ணாயினர். அதைத் தனியே எழுத வேண்டும்.

கடல் திறந்த பக்கமும் எப்போதும் நன்மையே செய்ததில்லை. 2008 மே 2-இல் நர்கிஸ் புயல் அக்கழிமுகத்தில் கரையேறியபோது, இறந்தவரும் காணாமற்போனவரும் 1,38,000 பேர் என்று கணக்கிடப்பட்டது. நடுநாட்டிலும், மலைகளைப் போலவே வடக்குத் தெற்காக ஓடும் சகாயிங் பிளவு நிலத்தடியே கிடக்கிறது. 1839-இல் நில நடுக்கத்தால் ஆவா நகரம் பாழானது. 2025 மார்ச் 28-இல் 7.7 அளவில் மீண்டும் நடுங்கியபோது, ஐராவதியின் குறுக்கே 1934 முதல் நின்ற ஆவா பாலம் ஆற்றில் விழுந்தது.

போருக்குப்பின் பலர் மீண்டும் பர்மா சென்றனர். 1962-இல் இராணுவ ஆட்சி வந்தது; கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின; 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதனவாயின. கையிலிருந்ததை இழந்தவர்கள் இம்முறை கப்பலில் சென்னை வந்து முகாம்களில் தங்கினர். அவர்களில் சிலர் செய்தது நம் சிந்தனைக்குரியது. தமிழகத்தில் காலூன்ற இயலாமல், பிறந்த மண்ணான பர்மாவுக்கே திரும்ப எண்ணி, கடல் வழி இல்லாததால், தாமும் தம் பெற்றோரும் ஒருகால் இறங்கிவந்த அதே மணிப்பூர் மலை வழியைத் தேடிச் சென்றனர். பர்மியக் காவலர் எல்லையில் தடுத்தனர். முன்னும் செல்ல முடியாமல், பின்னும் திரும்ப மனமில்லாமல், இந்திய எல்லையின் கடைசி ஊரான மோரேயில் தங்கிவிட்டனர். தமு அங்கிருந்து நடக்கும் தொலைவுதான். 1967 மார்ச் 10-இல் இரு நாடுகளும் எல்லை உடன்படிக்கை செய்துகொண்டபோது, அக்கோடு அவர்கள் வாசலுக்கு அருகிலேயே உறுதியாயிற்று.

மோரேயில் அங்காளபரமேசுவரிக்கு அவர்கள் கோயில் எடுத்தனர். தமிழ்ச் சங்கமும் உண்டு. எல்லைக்கு இருபுறமும் பதினாறு கிலோமீட்டர் வரை கடவுச்சீட்டின்றிச் சென்றுவரும் உரிமை மலைவாழ் மக்களுக்கு நெடுங்காலம் இருந்து வந்தது. அதை நீக்குவதாகவும், 1,643 கிலோமீட்டர் எல்லைக்கு வேலி இடுவதாகவும் இந்திய அரசு 2024-இல் அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் மணிப்பூரில் மூண்ட கலவரம் மோரேயையும் எரித்தது. ஒருகாலத்தில் பல்லாயிரவராக இருந்த அவ்வூர்த் தமிழர் இன்று சில ஆயிரமே.