முட்டி வலிக்குப் பி.ஆர்.பி. ஊசி: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

முட்டி வலி என்று தனியார் கிளினிக்குக்குப் போகிறவர்கள் அண்மைக் காலமாகப் ‘பி.ஆர்.பி. ஊசி’ என்ற பெயரைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். “உங்கள் இரத்தத்தையே எடுத்து உங்களுக்கே போடுகிறோம், வெளி மருந்து எதுவும் இல்லை” என்று சொன்னால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால், ஓர் ஊசிக்கே பல நூறு ரிங்கிட் ஆகிறது, சில இடங்களில் ஆயிரத்தையும் தாண்டுகிறது. மூன்று ஊசியைச் சேர்த்து ‘பேக்கேஜ்’ என்று விற்பதும் உண்டு. மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்திற்கு இது சிறிய தொகை அல்ல.

பிளேட்லெட் என்பது நம்மவர்களுக்குப் புதிய சொல் இல்லை. டிங்கிக் காய்ச்சலில் படுத்தவரைப் பார்க்கப் போனால், “பிளேட்லெட் இறங்கிவிட்டது” என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். இரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணுக்கள் அவை. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 150,000 முதல் 450,000 வரை இருப்பது வழக்கமான அளவு. காயம் பட்ட இடத்தில் கூடி இரத்தத்தை நிறுத்துவதோடு, திசு வளர்வதைத் தூண்டும் சில புரதங்களையும் இவை வெளிவிடுகின்றன. அந்தப் புரதங்களை வலிக்கும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால் புண் சீக்கிரம் ஆறாதா என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் இந்த ஊசி.

கையிலிருந்து 15 முதல் 60 மில்லிலிட்டர் வரை இரத்தம் எடுத்து, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைப்பார்கள். கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். மேலே மஞ்சள் நிற நீர் நிற்கும். அதில் பிளேட்லெட் அதிகமுள்ள பகுதியைப் பிரித்து, முட்டிக்குள் அல்லது தசைநாரைச் சுற்றிச் செலுத்துவார்கள். பிளேட்லெட் அளவு சாதாரண இரத்தத்தில் உள்ளதைப் போல் 3 முதல் 5 மடங்கு வரை இருக்கும். ஆனால், இயந்திரத்துக்கு இயந்திரம் இது மாறும். வெள்ளையணுக்கள் கலந்த வகையும் உண்டு, கலக்காத வகையும் உண்டு. மாத்திரையில் 500 மில்லிகிராம் என்று அச்சிட்டிருப்பது போன்ற கணக்கு இதற்குக் கிடையாது.

விளையாட்டு வீரர்களால்தான் இந்த ஊசி பிரபலமானது. 2009-இல் அமெரிக்கக் காற்பந்து வீரர் ஹைன்ஸ் வார்ட், முட்டிக் காயத்துக்கு இதைப் போட்டுக்கொண்டு சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் ஆடினார். டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலும் இதைப் போட்டுக்கொண்டார். அனைத்துலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு, தசைக்குள் இதைப் போடுவதை 2010-இல் தடை செய்து 2011-இல் அந்தத் தடையை நீக்கியது. தடை செய்யும் அளவுக்குச் சக்தி வாய்ந்தது என்று பேசுவோர், தடை நீங்கிய கதையை ஏனோ சொல்வதில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

நம் நாட்டிலேயே நடந்த ஆய்வு ஒன்று உண்டு. தொடையின் பின்பக்கத் தசை கிழிந்த 28 பேரை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சியோடு பி.ஆர்.பி. ஊசியும், மற்றதற்குப் பயிற்சி மட்டும். 2014-இல் வெளிவந்த முடிவுப்படி, ஊசி போட்டவர்கள் சராசரி 27 நாளில் விளையாட்டுக்குத் திரும்பினார்கள்; மற்றவர்களுக்கு 42 நாளுக்கு மேல் ஆனது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே ஆண்டில் நெதர்லாந்தில் 80 பேரிடம் நடந்த ஆய்வில் ஒரு பிரிவுக்குப் பி.ஆர்.பி., மற்றதற்கு வெறும் உப்பு நீர் ஊசி. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. இரு பிரிவினரும் திரும்ப ஆன நாள் ஏறக்குறைய ஒன்றுதான்: 42. நம் ஆய்வு சிறியது. ஒப்பிட்ட பிரிவுக்கு ஊசியே போடவில்லை. ஊசி போட்டால் குணமாகும் என்ற நம்பிக்கையே வலியைக் குறைக்கக்கூடும் என்பதால் இந்த வேறுபாடு முக்கியம்.

முட்டித் தேய்மானத்திற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு இன்னும் தெளிவானது. 50 வயதைத் தாண்டிய 288 பேருக்கு வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டார்கள். ஓராண்டு கழித்து, பத்துக்கு இத்தனை என்ற வலிக் கணக்கில் பி.ஆர்.பி. போட்டவர்களுக்கு 2.1 குறைந்தது, உப்பு நீர் போட்டவர்களுக்கும் 1.8 குறைந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் குருத்தெலும்பு தேய்வதை ஊசி தடுக்கவில்லை. இது 2021-இல் வெளிவந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஊசியால் வலி குறைந்தது என்றால் அவர் பொய் சொல்லவில்லை. உப்பு நீருக்கும் அதேபோல் குறைந்திருக்கலாம் என்பதுதான் செய்தி. ‘தேய்ந்த எலும்பு மீண்டும் வளரும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மருத்துவர்களிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் கழகம் முட்டித் தேய்மானத்துக்கு இது வேண்டாம் என்று 2019-இல் கூறியது. அதே நாட்டின் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் கழகம், சிலருக்கு வலியைக் குறைக்கக்கூடும் என்று 2021-இல் சொன்னது. ஆனால், ஆதாரம் குறைவு என்பதை அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

முழங்கைத் தசைநார் வலி வேறு கதை. பால் மரம் வெட்டியவர்களுக்கும் செம்பனைக் குலை அறுப்பவர்களுக்கும் இது தெரிந்த வலிதான். ஸ்டீராய்டு ஊசியைவிடப் பி.ஆர்.பி. ஓராண்டு கழித்து நல்ல பலன் தந்ததாக 2010-இல் ஓர் ஆய்வு கூறியது. ஸ்டீராய்டு சில நாட்களுக்கு இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் என்பதால், இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடு முக்கியமாகத் தோன்றும். ஆனால், எந்த ஊசியும் இல்லாமலே இந்த வலி பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தணிந்துவிடும். குதிகால் தசைநாருக்கு இதைப் போடுவதில் பலன் இல்லை என்று பிரிட்டனில் 240 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது.

ஊசி போடுவதென்றே முடிவெடுத்தால்

இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், பிளேட்லெட் குறைந்தவர்கள், புற்றுநோய் அல்லது கிருமித் தொற்று உள்ளவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஊசிக்கு முன் சில நாள் வலி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாங்களாக அதை நிறுத்தக் கூடாது. ஊசி போட்ட இடம் இரண்டு மூன்று நாள் வீங்கி வலிப்பது சாதாரணம். காய்ச்சலோடு முட்டி சிவந்து சூடாக இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருத்துவ அட்டை இதற்குப் பணம் தருமா என்று காப்புறுதி நிறுவனத்திடம் முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மூன்று ஊசிக்கும் சேர்த்துப் பணம் கட்டாமல், ஒன்றுக்கு மட்டும் கட்டிப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள்.

எலும்போடு எலும்பு உரசும் நிலைக்கு வந்துவிட்ட முட்டிக்கு இந்த ஊசியால் பயன் எதிர்பார்க்க முடியாது. அறுவைச் சிகிச்சை பற்றி நிபுணரிடம் பேசுவதே வழி. அதற்கு முந்தைய நிலையில், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் எடைக் குறைப்பும்தான் அதிகம் கைகொடுப்பவை. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டி தாங்கும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நீட்டி 5 விநாடி பிடித்து இறக்குவதிலிருந்து பயிற்சியைத் தொடங்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் கேட்டால் பிசியோதெரபிக்குக் கடிதம் கொடுப்பார்கள். வரிசை நீளம்தான், ஆனாலும் செலவு மிகக் குறைவு.

வேலையிடத்தில் விழுந்து முட்டி அடிபட்டவர்கள் கைப்பணத்தை எடுக்கும் முன் சொக்சோவை நினைக்க வேண்டும். விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் பொறுப்பு. அதனால், அடிபட்ட அன்றே கங்காணியிடமோ அலுவலகத்திலோ சொல்லிப் பதிவு செய்யுங்கள். மருத்துவர் கொடுத்த தாள்களையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். மலாக்காவில் சொக்சோ நடத்தும் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையத்தில், சந்தாதாரர்கள் மீண்டும் வேலைக்குத் திரும்புவதற்கான பயிற்சி வசதிகளும் உள்ளன.