காகிதக்கூழ்: சொல்லும் சுளவும்

பழைய தாளை ஊறவைத்து அரைத்து யானையும் பசுவும் செய்கிற வேலைக்கு இன்று நாம் வழங்கும் பெயர் காகிதக்கூழ். பிரெஞ்சுக்காரரின் ‘பப்பியே மாஷே’க்கு ‘மென்ற காகிதம்’ என்று பொருள். தமிழ்ச் சொல்லில் மெல்லுதல் இல்லை, கூழ் இருக்கிறது.

முதலில் காகிதம். பாரசீகத்துக் ‘காகஸ்’ மராத்தியில் ‘காகத்’ ஆனது. தமிழில் காகிதம் என்று நிலைத்தது. நெல்லைப் பேச்சில் அது ‘காயிதம்’ ஆகி, வீட்டுக்கு வரும் கடிதத்தையும் குறித்தது. போர்ச்சுக்கீசியர் வழி வந்தது கடுதாசி. இலங்கைத் தமிழர் இன்றும் தாளைக் ‘கடதாசி’ என்கிறார்கள். ‘தாள்’தான் நம் வயலிலேயே விளைந்த சொல்: நெற்பயிரின் அடித்தண்டு. காகிதமும் செடியின் நாரே என்பதால் பெயர் பொருந்திவிட்டது.

கூழ் இன்னும் பழையது. பயிர், உணவு, செல்வம் என்று அதன் பொருள் விரியும். அரசுக்கு வேண்டிய ஆறில் ஒன்றாகக் கூழை வைத்தார் வள்ளுவர். பிறகு அது குடிக்கும் கஞ்சியளவில் சுருங்கிற்று. காகித ஆலைகள் வந்தபின் மரக்கூழ், சக்கைக்கூழ் என மீண்டும் விரிந்தது. கரூர் புகளூரில் 1984இல் உற்பத்தி தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை முதன்மையாகக் கரும்புச் சக்கையைக் கூழாக்குகிறது.

ஆனால் தாமிரபரணிக் கரை வீடுகளில் காகிதக்கூழ் என்ற பெயர் வருமுன்பே இந்த வேலை இருந்தது. நெல்லையில் முறத்துக்குச் சுளவு என்று பெயர். சுளவின் இடுக்கில் மாவும் நொய்யும் ஒழுகாதிருக்க, ஊறிய காகிதத்தை வெந்தயத்தோடு ஆட்டுரலில் அரைத்துப் பூசிக் காயவைப்பார்கள். ஓலைப்பெட்டிக்கும் அதே பூச்சு. வெந்தயத்தின் வழவழப்பு நாரோடு நாரைப் பிணைக்கும். அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பது வீட்டு நம்பிக்கை. இந்த வேலைக்குத் தனிப் பெயர் வைக்கவில்லை. ‘சுளவு மெழுகுதல்’ என்ற வினையே போதுமாயிருந்தது. கவிழ்த்த செம்பின்மேல் அதே கூழை அப்பினால் யானையின் வயிறு. சுருட்டிய செய்தித்தாள் நான்கு கால். அட்டை இரண்டு காது. ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்தபிறகே அடுத்தது. அவசரப்பட்டால் உள்ளே பூசணம் பிடிக்கும்.

கைக்கு எட்டியதில் உருவம் செய்வதும் புதிதல்ல. ஐங்குறுநூற்றில் வரும் பைஞ்சாய்ப் பாவை, கோரையால் செய்த விளையாட்டுப் பாவை. கோரைக்குப் பேர்போன பத்தமடை தாமிரபரணிக் கரையில்தான் இருக்கிறது. பாவை என்ற சொல் பின்னாளில் கூத்திலும் கவிதையிலும் ஒதுங்க, தெலுங்கின் ‘பொம்ம’, கன்னடத்தின் ‘பொம்பெ’ ஆகியவற்றுக்கு உறவான ‘பொம்மை’ வீட்டுக்குள் வந்தது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையிலும் புதுச்சேரித் திருக்கனூர்ப் பொம்மையிலும் காகிதக்கூழ் தொழிலாகவே வளர்ந்தது. இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை.

2023 செப்டம்பரில் நெல்லையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார் சிலைகளை விற்பது பற்றிய வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. விற்பனைக்கான தடையை நீக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. பிளாஸ்டருக்குத் தடை என்பதற்காகக் காகிதக்கூழ்ச் சிலையைக் கண்ணை மூடிக்கொண்டு ஆற்றில் விடலாம் என்று ஆகாது. ரசாயன வண்ணம் பூசினால் அதுவும் தண்ணீருக்குக் கேடே. காகித யானைக்கு இடம் வீடு, கொலுப்படி, பிள்ளைகளின் கை.

அடுத்த முறை பழைய பேப்பரை எடைக்குப் போடுமுன் ஒரு கட்டு எடுத்து வெந்தயத்தோடு ஊறப் போடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் சுளவு மெழுகிய பக்குவத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.