கடலடிக் காடும் அரசாங்கப் பணமும்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்திலே, குளிர்ந்த கடலடிப் பாறைகளைப் பற்றிக்கொண்டு, நூறடி வரையும் உயர்ந்து நீர்மட்டத்திற் படரும் பாசியினம் ஒன்று உண்டு. கெல்ப்பு என்பது அதன் பெயர். இலங்கையைச் சூழ்ந்த வெப்பக் கடலில் அது வளர்வதில்லை. அது செறிந்த இடத்தைக் காடு என்று அழைப்பது மிகையன்று. மீனும் சிப்பியும் நண்டும் அதன் நிழலிலேயே வாழ்கின்றன.

ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் இக்காட்டுக்கெனப் பணம் செலவிடத் தொடங்கியது அதனைக் காப்பதற்காக அன்று. பயிர்ப் பசளைக்கு வேண்டிய பொட்டாசுக்கு அந்நாடு ஜேர்மனியையே நம்பியிருந்தது. உள்நாட்டிற் பொட்டாசு தேட 1911இல் காங்கிரஸ் சபை நிதி ஒதுக்கியது. கெல்ப்பின் சாம்பலில் அது மிகுதியாதலின், விவசாயப் பகுதியினர் மெக்சிக்கோ எல்லை தொடங்கி அலாஸ்கா வரை பாசிக் காடுகளை அளந்து படம் வரைந்தனர்.

கடல் நீர்நாய் வேட்டையைத் தடுக்கும் உடன்படிக்கையில் அதே அரசாங்கம் கைச்சாத்திட்டதும் அதே 1911இல் என்பது வியப்புக்குரியது. அவ்வுடன்படிக்கை உரோமத் தோல் வாணிகத்தைக் கருதி எழுந்தது. ஆயினும் பாசியின் பிழைப்பும் நீர்நாயிடமே தங்கியிருந்தது. பாசியின் அடியைக் கடித்து அறுப்பது கடல் முள்ளி. கடல் முள்ளியைத் தின்பது நீர்நாய். நீர்நாய் அருகிய கடலில் முள்ளி பெருகும். முள்ளி பெருகிய கடலிற் காடு வெறும் பாறையாகும்.

1914இல் போர் மூண்டதும் ஜேர்மன் பொட்டாசு வரவு நின்றது. சம்மர்லாந்தில் அரசாங்கமே 1917இல் ஒரு பரிசோதனை ஆலையை இயக்கியது. சூலா விஸ்தாவில் ஒரு வெடிமருந்துக் கம்பனி கெல்ப்பைப் புளிக்க வைத்து, பிரித்தானியப் படையின் வெடிமருந்துக்கு வேண்டிய அசற்றோனை வடித்தது. அவ்வாண்டிற் கலிபோர்ணியாவில் அறுத்த ஈரப்பாசி ஏறத்தாழ நான்கு இலட்சம் தொன். அறுவடையை மாநில அரசு தன் கட்டுப்பாட்டுக்குட் கொணர்ந்ததும் அப்பொழுதுதான். போர் முடிந்தது; ஜேர்மன் பொட்டாசு திரும்பியது; ஆலைகள் மூடின.

1950ஆம் ஆண்டுகளில், லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அண்மையிலும் சான் டியேகோவிலும் காடுகள் தேய்ந்தன. நகரக் கழிவுநீரும் வெப்பமுற்ற கடலும் முள்ளிப் பெருக்கமும் ஒன்றுகூடிய விளைவு அது. அக்காலத்தில் வீலர் நோர்த் என்னும் விஞ்ஞானி, முள்ளிகளின் மீது நீற்றாத சுண்ணாம்பைத் தூவி அழித்தும், பாசியை நட்டும் காட்டை மீட்க முயன்றார்.

வடகலிபோர்ணியாவின் அழிவு இதனினும் கொடிது. அங்கு நீர்நாய் மீளக் குடியேறவில்லை; முள்ளியைத் தின்ன எஞ்சியிருந்தது பெரிய உடுமீன் ஒன்றே. 2013இல் உடுமீன்களை ஒரு நோய் அழித்தது. அடுத்த ஆண்டு கடல் வெப்பமுற்றது. சில ஆண்டுகளிற் பாசிக் காட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் மறைந்தது. உணவின்றி ஏபலோன் என்னும் பெருஞ்சிப்பிகள் மடிய, அவற்றைப் பிடிப்பது 2018இல் தடுக்கப்பட்டது.

2020இல் மாநிலக் கடற் பாதுகாப்புச் சபை, நோயோ விரிகுடாவில் ஊதா முள்ளிகளை அகற்றச் சுழியோடிகளுக்குக் கூலி கொடுத்தது. இச்சுழியோடிகள் வழக்கமாகச் சந்தைக்கெனச் செம்முள்ளி எடுப்பவர்கள்; அதன் உள்ளிருக்கும் சினைக்கு நல்ல விலையுண்டு. காடழிந்த பாறையிலுள்ள ஊதா முள்ளியோ பட்டினியாலும் எளிதிற் சாவதில்லை. உள்ளே சினையின்றி வெறும் ஓடாய் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து, முளைக்கும் பாசியைத் தின்னும். அதனை வாங்குவார் எவருமிலர். அதனாலேயே கூலி அரசாங்கக் கருவூலத்திலிருந்து வரவேண்டியதாயிற்று.