ஈர் இருக்கிறது, தாய்ப்பேன் எங்கே? அட்லாண்டா பள்ளி ஆய்வு: ஒரு மறுவாசிப்பு

தலையில் ஈர் தென்பட்ட குழந்தையை வகுப்புக்குள் விடக்கூடாது என்ற விதி அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் வழங்கிவந்தது. அதை எதிர்ப்போர் இருபது ஆண்டுகளாகக் கையில் எடுக்கும் சான்று, 2001இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியான அட்லாண்டா ஆய்வு. இரண்டு தொடக்கப்பள்ளிகளில் 1,729 குழந்தைகள் சோதிக்கப்பட்டனர். 28 பேரிடம் (1.6 விழுக்காடு) பேன் இருந்தது; 63 பேரிடம் (3.6 விழுக்காடு) பேன் காணப்படவில்லை, ஈர் மட்டும் இருந்தது. இந்த 63 பேரில் 14 நாள் தொடர்ந்து கவனிக்க முடிந்தது 50 பேரை. அவர்களில் பேன் தென்பட்டது 9 பேரிடம், அதாவது 18 விழுக்காட்டினரிடம். ஈர் பெரும்பாலும் பேனாவதில்லை, ஆகவே ஈரைக் கண்டு குழந்தையை விலக்குவது ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கும் வேலை என்பதே இதிலிருந்து வழக்கமாகப் பெறப்படும் முடிவு. விலக்கக்கூடாது என்பதில் எனக்கு மாறுபாடில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணத்தை ஏற்க முடியவில்லை. அந்த 18 விழுக்காட்டை ஈர் பொரிந்து பேனானதன் கணக்காக மட்டும் படிப்பது பிழை. முதல் நாளே தலையில் இருந்து, பார்த்தவர் கண்ணுக்குத் தப்பிய பேன்களும் அந்த எண்ணில் கணிசமாகச் சேர்ந்திருக்கின்றன என்பதே என் வாதம். இதை ஏற்றால், வீட்டில் பெற்றோர் செய்ய வேண்டியதும் மாறிவிடும்.

முதலில் எண்களின் உறுதியைப் பார்த்துவிடலாம். தொடர்ந்து கவனிக்கப்படாத 13 குழந்தைகளால் முடிவு கவிழ்ந்துவிடாது. 13 பேருக்கும் பேன் வந்தது என்று வைத்தாலும் 63க்கு 22, அதாவது 35 விழுக்காடு. ஒருவருக்கும் வரவில்லை என்றால் 14 விழுக்காடு. எப்படிப் பார்த்தாலும் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினரிடமாவது பேன் தென்படவில்லை. உற்று நோக்க வேண்டியது அடுத்த எண்ணை. தலைத்தோலிலிருந்து கால் அங்குலத்துக்குள், அதாவது ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்குள், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஈர் இருந்த குழந்தைகளில் 32 விழுக்காட்டினருக்குப் பேன் தென்பட்டது. அதற்குக் குறைவாக இருந்தவர்களில் 7 விழுக்காட்டினருக்கு மட்டுமே. தலைகளாகச் சொன்னால் 22 பேரில் 7 பேர், 28 பேரில் 2 பேர். மிகச் சிறிய கட்டங்கள் இவை. இரண்டாம் குழுவில் இன்னும் ஒரே ஒரு குழந்தைக்குப் பேன் தென்பட்டிருந்தால் அந்த 7 விழுக்காடு 11 ஆகியிருக்கும். ஆகவே விகிதங்களின் மீது அதிகம் சுமத்த முடியாது. ஆனால் அவை காட்டும் திசையை உயிரியல் வலுவாக ஆதரிக்கிறது.

ஈர் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குத் தாவாது. முடித்தண்டோடு பசைபோல ஒட்டிக்கொண்ட பொருள் அது. ஆகவே ஒரு முடியில் ஈர் இருக்கிறது என்றால், அதை இட்ட தாய்ப்பேன் அந்தத் தலையிலேயே இருந்திருக்கிறது. எப்போது? பேன் தலைத்தோலை ஒட்டியே முட்டையிடும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆக, 6 மில்லிமீட்டருக்குள் உள்ள ஈர் கடந்த இரண்டரை வாரத்துக்குள் இடப்பட்டது. வளர்ந்த பேனின் ஆயுளோ ஒரு மாத அளவு. இந்த இரண்டரை வாரத்துக்குள் முட்டையிட்ட தாய் எங்கே போனது? மருந்தாலோ சீப்பாலோ அழிந்திருக்கலாம், இறந்திருக்கலாம், வேறு தலைக்குப் போயிருக்கலாம். இவை எதுவும் நடக்கவில்லை என்றால் அது அங்கேயே இருக்கிறது, பார்த்தவர் பார்க்கவில்லை. தலைத்தோலருகே ஐந்தோ அதற்கு மேலோ ஈர் உள்ள குழந்தைகளிடம் பேன் கூடுதலாகத் தென்பட்டதற்கு, ஈர் பொரிப்பதைவிட இந்த விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது. ஈர் பொரிய ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் ஆகும். முட்டையிலிருந்து வந்த குஞ்சு முதிர இன்னும் 9 முதல் 12 நாள் பிடிக்கும். ஆகவே 14ஆம் நாளில் பொரிப்பால் கிடைப்பவற்றில் பல இன்னும் முதிராத குஞ்சுகள். கண்ணால் பார்ப்பவருக்கு அவை எளிதில் அகப்படா.

கண்ணால் பார்த்தல் எவ்வளவு தப்பவிடும் என்பதற்கு ஜெர்மனியில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு நேரடிச் சான்று தருகிறது. 6 முதல் 12 வயது வரையிலான 304 மாணவர்களை இரு முறைகளிலும் சோதித்தபோது, உயிர்ப்பேன் உள்ள தலைகளில் 90.5 விழுக்காட்டை நனைத்துச் சீவும் முறை கண்டுபிடித்தது. வெறும் கண் கண்டுபிடித்தது 28.6 விழுக்காட்டை. ஈர் மட்டும் உள்ள தலைகளில் நிலைமை தலைகீழ்: கண்ணுக்கு 86.1, சீப்புக்கு 68.4. காரணம் எளிது. காய்ந்த தலையை வகிர்ந்து பார்க்கும்போது பேன் வெளிச்சத்தைக் கண்டு விலகி ஓடுகிறது. ஈர் ஓட முடியாது. தண்ணீரும் கண்டிஷனரும் பட்ட பேன் சிறிது நேரம் அசையாமல் கிடக்க, சீப்பின் பல் அதை இழுத்து வருகிறது. இஸ்ரேலில் நடந்து 2001இல் வெளியான ஆய்வும் பேன் சீப்பு கண்ணைவிட நான்கு மடங்கு திறமும் இரு மடங்கு வேகமும் கொண்டது என்றே கண்டது. கண் 28.6 விழுக்காட்டையே காணும் என்ற ஜெர்மனி விகிதத்தை அட்லாண்டாவின் 28 குழந்தைகள் மீது அப்படியே பொருத்தக்கூடாது. பொருத்தினால் பேன் உள்ளவர்கள் 98 பேர் என்று வரும், பேனோ ஈரோ கண்ட குழந்தைகளே மொத்தம் 91தான். இரு இடத்துச் சோதனைகளும் ஒன்றல்ல என்பதையே இது காட்டுகிறது. ஆயினும் 1,729 தலைகளைப் பள்ளியில் வரிசையாகப் பார்க்கும் சோதனை எதுவும், ஒவ்வொரு தலையையும் நனைத்துப் பகுதி பகுதியாகச் சீவுவதற்கு ஈடாகாது. '82 விழுக்காட்டினர் பேனற்றவர்கள்' என்ற வாசிப்பை ஆகவே 'அவர்களிடம் மறுபடி பார்த்தும் பேன் காணப்படவில்லை' என்று திருத்தியாக வேண்டும்.

அப்படியானால் விலக்கும் விதிதான் சரி என்றாகாதா? ஆகாது, அதன் அடித்தளமே இங்கு சரிகிறது. பள்ளி வாசலில் நிற்கும் கண், ஈரைத் திறமாகக் காணும், பேனைத் தவறவிடும். அதை நம்பி விலக்கினால், பழைய வெற்று ஈரோடு உள்ள குழந்தை வீட்டுக்குப் போகும். பேன் உள்ள குழந்தை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். மேலும் இன்று பேன் அகப்பட்ட குழந்தை பல வாரங்களாக அதே வகுப்பில் தலையோடு தலை சேர்த்து விளையாடியிருக்கும். இன்றைய ஒரு நாள் விலக்கு எதைத் தடுக்கும்? அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2010இலும் 2015இலும் இந்த விதியைக் கைவிடச் சொன்னது சரியான முடிவு. ஆனால் அந்த முடிவோடு சேர்ந்து 'ஈர்தானே' என்ற அலட்சியமும் பரவியது, அதைத்தான் மறுக்கிறேன்.

நனைத்துச் சீவும் முறைக்கு எதிராக 2000இல் வெளியான வேல்ஸ் சோதனையைச் சுட்டுவார்கள்: மாலத்தியான் 78 விழுக்காட்டினரைக் குணமாக்க, சீவுதல் 38 விழுக்காட்டினரையே குணமாக்கியது. 2005இல் பிரிட்டனில் நடந்த வேறொரு சோதனையிலோ சீப்புத் தொகுப்பு 57 விழுக்காடும் கடை மருந்துகள் 13 விழுக்காடும் பெற்றன. இந்தச் சண்டை ஒழிப்பதைப் பற்றியது. என் வாதம் கண்டுபிடிப்பதைப் பற்றியது. மருந்தே போடுவதென்றாலும் யாருக்குப் போடுவது என்பதைச் சீப்புதான் சொல்ல வேண்டும். முடிவகை பற்றிய தடை இன்னும் முக்கியமானது. பேன் விகிதம் முடிவகையோடு மாறும்: அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளிடம் தலைப்பேன் குறைவு. ஆகவே அட்லாண்டாவின் 1.6 விழுக்காட்டை எந்த ஊருக்கும் பொதுவாக்க முடியாது. வெப்ப மிகுந்த ஊர்களில் தலைத்தோலிலிருந்து இன்னும் தள்ளியும் உயிருள்ள ஈர் இருக்கக்கூடும் என்பதால், 6 மில்லிமீட்டர் அளவையும் சென்னைக்கோ மதுரைக்கோ அப்படியே எடுத்துவரக்கூடாது. இவை எல்லைகளைச் சுருக்குகின்றன. தாய்ப்பேன் பற்றிய தர்க்கத்தைத் தொடவில்லை.

இதன்படி, ஈர் கண்ட பள்ளி செய்ய வேண்டியது குழந்தையை வகுப்பில் வைத்துக்கொண்டு, அன்றே வீட்டுக்குத் தகவல் அனுப்புவது மட்டுமே. வீட்டில் உள்ள எல்லார் தலையையும் அன்று மாலையே நனைத்து, கண்டிஷனர் தடவி, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை சீவி, ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். பேன் வந்தவர்களுக்குப் பிரிட்டனின் தேசிய நலச் சேவை சொல்லும் 1, 5, 9, 13ஆம் நாள் அட்டவணை போதுமானது. பொரிந்த குஞ்சு முதிர்ந்து முட்டையிடும் முன்பே அது மறுபடி சீப்பில் அகப்பட்டுவிடும். 17ஆம் நாள் எல்லார் தலையையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். சீவிய துணியில் பேன் வராத தலையில் ஈர் மட்டும் இருந்தால், அந்தக் குழந்தைக்கு மருந்து தேவையில்லை.