பரங்கிக் குலம் புகுதல்

தன்வினை பிறவினை கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள் மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, மதமாற்றம் என்பது மாறுதலா, மாற்றுதலா?" என்று வினவினான். அச்சொல்லுக்கு முன் வழங்கிய சொற்களை ஆராய்ந்தாலன்றி அவனுக்கு விடை கூறுதல் அரிது.

முத்துக்குளித்துறைப் பரதவர் போர்த்துக்கீசியரின் துணை வேண்டி, 1535 முதல் 1537 வரையுள்ள காலத்தில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றனர். அப்போர்த்துக்கீசியரையே நம்மவர் பரங்கியர் என்றனர். பின்னர் 1595-ல் மதுரைக்கு வந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் பாதிரியார் காலத்தில், 'கிறிஸ்தவனாக விருப்பமோ?' என்னும் கேள்வி, 'பரங்கிக் குலம் புக விருப்பமோ?' என்னும் பொருள்படத் தமிழில் கேட்கப்பட்டது. சமயம் நிற்கவேண்டிய இடத்தில் குலம் வந்து நின்றது! கேட்டவன் காதில் அது தேவனைப் பற்றிய வினாவாகவா விழும்? பெற்றோரையும் உற்றாரையும் பந்தியையும் துறந்து, மாட்டிறைச்சியும் மதுவும் உண்ணும் அந்நியரோடு கலக்கச் சம்மதமோ என்றே விழும். பத்தாண்டுக்கு மேல் உழைத்தும், மேற்குலத்தார் என்பாருள் ஒருவரும் அவர்பாற் சேர்ந்திலர்.

1606-ல் மதுரை புகுந்த இராபர்ட் தெ நொபிலி இப்பிழையைக் கண்டார். தாம் பரங்கியர் அல்லர் என்றார், காவியுடுத்தார், தம் மார்க்கத்தைச் சத்திய வேதம் என்றார், அதிற் சேர்வோர் குலத்தை விடவேண்டுவதில்லை என்றார். பெர்னாண்டஸ் மேலிடத்தில் முறையிட, வழக்கு ரோமாபுரிவரை சென்றது. 1623-ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம் முதலியவற்றுக்கு இடங்கொடுத்தார். நம்போன்ற குலச்சங்கத்தார் இதனைக் கேட்டு மகிழ்தல் தகாது. சொல்லினின்று நீங்கிய குலம் கோயிலுக்குள் புகுந்தது; தாழ்த்தப்பட்டோர்க்குப் பண்டாரசுவாமிகள் என வேறு குருமார் ஏற்பட்டனர்.

பிற்காலத்துப் புரொட்டஸ்டாண்டு விவிலியத் தமிழில் மனந்திரும்புதல், குணப்படுதல் என்னும் சொற்கள் வழங்கலாயின. இரண்டும் தன்வினையே, திரும்புவோனே எழுவாய். நோய் நீங்குதலையும் நாம் குணமாதல் என்கிறோம். பழைய நெறியை நோயென்னும் குறிப்பு அதில் மறைந்திருத்தலைப் பிற சமயத்தார் பொறார். தென்னாட்டுப் பேச்சிலோ 'வேதத்திற் சேர்ந்தார்' என்பதே வழக்கு. அதில் பழிப்புமில்லை, புகழ்ச்சியுமில்லை; எனக்கு உவந்த சொல் அதுவே.

மதமாற்றம் என்பதோ தானே மாறியவனுக்கும் பிறரால் மாற்றப்பட்டவனுக்கும் பொதுவாய் வழங்குகிறது. செய்தவன் யாவன் என்பதை அச்சொல் உரைப்பதில்லை. ஆகவே, 2002-ல் இயற்றப்பட்டுப் பின்னர் நீக்கப்பெற்ற தமிழ்நாட்டுச் சட்டத்தின் பெயரில் 'கட்டாய' என்னும் அடைமொழி வேண்டியதாயிற்று. மாணாக்கனிடம் இவ்வளவும் கூறினேன். "அப்படியாயின், சேர்ந்தவரையே கேட்டாலன்றோ தெரியும்?" என்று கூறி அமர்ந்தான்.