சுண்ணச் சாந்து

மதுரை நாட்டு வயல்களுக்கு நீருதவும் பெரியாற்று அணை, 1887 முதல் 1895 வரை கர்னல் பென்னிகுயிக் மேற்பார்வையில் எழுந்தது. 1824-லேயே இங்கிலாந்தில் சிமெண்டுக்கு உரிமை பெறப்பட்டிருந்தும், அவ்வணையின் கற்களைப் பிணித்தது சுண்ணாம்பும் செங்கற்பொடியாகிய சுர்க்கியும் கலந்த சாந்தே.

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயிற் சுட்டு, நீரால் நீற்றி, மணலொடு அரைப்பர். அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மெல்ல மீண்டும் கல்லாகும். சுர்க்கி சேரின் ஈரத்திலும் இறுகும்.

இந்நாளில் பழைய கன்மண்டபங்களின் இடுக்குகளைச் சிலர் சிமெண்டினால் அடைக்கின்றனர். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்க, உப்புப் பூத்துக் கல்லே உதிர்கின்றது. சாந்தோ ஈரத்தை வெளிவிடும். பழுது நேரின் தான் உதிர்ந்து கல்லைக் காக்கும். ஆதலின், சாந்தரைக்கும் பக்குவமறிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே அதனை நம் இளைஞர் கற்றல் வேண்டுமென விழைகின்றோம்.