பதினான்கு இரவுகளின் கணக்கு



அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது, பவுல் ஏறியிருந்த கப்பலைப் புயல் தன் விருப்பப்படி அடித்துச் சென்றது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பாய்கள் இறக்கப்பட்டன, சூரியனும் நட்சத்திரங்களும் மறைந்தன, தப்பிப்போம் என்னும் நம்பிக்கையும் அற்றுப்போயிற்று. அந்த நாட்களை வேறொரு கண்ணோடு வாசித்த மனிதர் ஒருவர் உண்டு.

அவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மித். நிலவியல் ஆய்வாளர்; நெடுங்காலம் பாய்க்கப்பலில் கடலோடிப் பழகியவர். 1844ஆம் ஆண்டின் குளிர்காலத்தை மால்டா தீவில் கழித்து, லூக்கா எழுதியதைக் கடலோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். பவுலின் கடற்பயணத்தைப் பற்றிய அவருடைய நூல் 1848இல் வெளிவந்தது.

கிரேத்தா தீவை விட்டுப் புறப்பட்ட கப்பலை யூரோக்கிலிதோன் என்னும் வடகிழக்குக் காற்று தாக்கியது. காற்று தள்ளும் திசையிலேயே ஓடியிருந்தால், ஆப்பிரிக்கக் கரையோரத்துச் சொரிமணலில் கப்பல் சிக்கியிருக்கும். மாலுமிகள் அஞ்சியதும் அதற்கே. எனவே கிலவுதா தீவின் மறைவில் படகைத் தூக்கி ஏற்றினார்கள், கப்பலைச் சுற்றிக் கட்டினார்கள், பாயை இறக்கினார்கள். ஆயினும் புயலுக்கான சிறுபாய் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கப்பலின் வலப்புறத்தைக் காற்றுக்குக் காட்டி, முன்னணியத்தை வடக்கு நோக்கி நிறுத்தியிருக்க வேண்டும் என்பது ஸ்மித்தின் முடிவு. லூக்கா இதை விரித்துக் கூறவில்லை. மூலமொழிச் சொல்லுக்கு வேறு பொருள் கொள்வோரும் உண்டு.

இம்முறையை இன்றும் சிறு பாய்ப்படகுகளில் நெடுந்தூரம் செல்வோர் கையாளுகின்றனர். முன்பாயைக் காற்று வரும் பக்கமாக எதிர்ப்புறம் இழுத்துக் கட்டுவார்கள். பெரிய பாயைச் சுருக்கி வைப்பார்கள். படகு காற்றை நோக்கித் திரும்பும்படி சுக்கானைக் கட்டிவிடுவார்கள். முன்பாய் முகப்பைக் காற்றிலிருந்து விலக்கும். சுக்கானும் பெரிய பாயும் அதைக் காற்றின் பக்கம் திருப்பும். இவ்விரண்டும் சமமாகும்போது படகு முன்னே விரைவதுமில்லை, அலைக்குப் பக்கத்தைக் காட்டிப் புரள்வதுமில்லை. மெல்லப் பக்கவாட்டில் ஒதுங்கிச் செல்லும். அவ்வாறு ஒதுங்கும்போது காற்று வரும் பக்கத்தில் ஓரளவு அமைதியான நீர்ப்பரப்பு உண்டாகி, அலையின் வேகத்தைத் தணிக்கும். களைத்தவர்கள் இளைப்பாறவும் முடியும்.

ஸ்மித் அனுபவமுள்ள கடற்படைத் தலைவர்களிடம் விசாரித்தார். அத்தகைய கப்பல் மணிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கடல் மைல் ஒதுங்கும் என அறிந்தார். கிலவுதாவிலிருந்து மால்டா வரை சுமார் 476 கடல் மைல். கணக்கிட்டபோது 13 நாளும் ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும் வந்தன. பதினான்காம் இரவில் கரை நெருங்கியது என்று லூக்கா எழுதியிருக்கிறார்! ஆழம் முதலில் 20 பாகம், பின்பு 15 பாகம் என்று அவர் குறித்த அளவுகளும், பவுலின் பெயரால் அழைக்கப்படும் மால்டாவின் விரிகுடாவை அணுகும் இடத்துக்குப் பொருந்துவதை ஸ்மித் கண்டார்.

பிரியமானவர்களே, அந்தக் கப்பலில் இருந்த 276 பேருக்கும் அவை வீணாய்ப்போன நாட்களாகவே தோன்றியிருக்கும். எங்கே இருக்கிறோம் என்று அறிய ஒரு நட்சத்திரமும் இல்லை. ஆனால் வரைபடத்தைப் பாருங்கள்: கிரேத்தாவிலிருந்து ரோமாபுரிக்குச் செல்லும் வழியில்தான் மால்டா இருக்கிறது. நின்றுவிட்டோம் என்று அவர்கள் எண்ணிய நாட்களில், ஒவ்வொரு மணி நேரமும் பவுல் இராயனுக்கு முன்பாக நிற்க வேண்டிய இடத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்.

நம்மிடையே சிலர் மருத்துவமனைப் படுக்கையருகே மாதக்கணக்கில் காத்திருக்கிறீர்கள். சிலர் வேலையிழந்து, எந்தக் கதவும் திறவாமல் இருக்கிறீர்கள். முன்னே செல்ல முடியாத நாட்களில் பயத்தினால் காற்றோடு ஓடிவிடவே மனம் தூண்டும். அந்த ஓட்டத்தின் முடிவில் சொரிமணல் உண்டு. பெரிய பாய்களை இறக்குவது தோல்வியன்று. ஜெபம் என்னும் சிறுபாயை மட்டும் விட்டுவிடாதிருங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதிருங்கள். அந்த மாலுமிகள் செய்யக்கூடியது அவ்வளவே. கப்பல் எத்திசையில் ஒதுங்குகிறது என்பதை அவர்கள் அறியவில்லை; பவுலண்டையில் தம் தூதனை அனுப்பிய தேவன் அறிந்திருந்தார்.

பரம பிதாவே, முன்செல்ல இயலாத நாட்களில் எங்களை நிலைநிறுத்தும். நாங்கள் காணாத வழியிலே எங்களை நடத்தும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.